திரைக்குப் பின்னால் நான்கு வெள்ளைச் சட்டைகள்

டிசம்பர் 4, வியாழன். மைனஸ் நான்கு டிகிரி. வானத்தில் எட்டில் மூன்று பங்கு மேகம்.

இன்று காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, இந்த வீட்டில் புரொஜெக்டர் வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். முன்மொழிந்தவர் என் மனைவி ஓக்ரிம். நான் முள்ளங்கி சூப் குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. இந்த அடுக்குமாடியில் குடியிருக்கும் பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வளவு வேகமாக எதுவும் முடிவானதில்லை. சோறு வடிக்கும் குக்கரை மாற்றவே பதினான்கு மாதம் பேசினோம்.

"பெரிசா சினிமா பாக்கலாங்க" என்றாள்.

ஓக்ரிம் சினிமாக் கொட்டகையில் இருபதாவது நிமிடம் தூங்கிவிடுவாள். விளம்பரங்களையும் சேர்த்துத்தான் இருபது.

நேற்றைய நிகழ்வு ஒன்றையும் குறிக்க வேண்டும். மாலை ஆறரைக்கு மகன் இன்ஹோ சியோலிலிருந்து போன் செய்தான். சந்திரப் புத்தாண்டுக்கு ஒருவரை அழைத்து வருகிறானாம். பெயர் ராயோங். அதற்குமேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டு என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் தேஜான் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தேன். முன்னறிவிப்பு தலைநகரத்தின் வேலை. வந்ததை வந்த நேரத்தோடு எழுதிவைப்பது மட்டும்தான் என் வேலை.


டிசம்பர் 5, வெள்ளி. மைனஸ் இரண்டு. தெளிவு.

இடம் பார்த்தேன். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க பால்கனிக் கண்ணாடி. இன்னொரு பக்கம் சமையலறைக்குத் திறந்தது. மூன்றாவது சுவரில் சோபா. மிச்சம் இருப்பது சோபாவுக்கு எதிர்ச் சுவர். அதில் குடும்பப் படம் மாட்டியிருக்கிறது.

அகலம் 150 செ.மீ., உயரம் 100. எனக்கு அறுபது நிறைந்தபோது ஸ்டுடியோவில் எடுத்தது. அறுபது வயதைத் தொட்டவருக்கு இந்த நாட்டு ஸ்டுடியோக்கள் ஒரே தண்டனையைத்தான் வைத்திருக்கின்றன: குடும்பம் மொத்தத்துக்கும் வெள்ளைச் சட்டை, நீல ஜீன்ஸ், வெறுங்கால். நான்கு பேர் நிற்கிறோம். நான், ஓக்ரிம், இன்ஹோ, ஹேவோன்.

ஹேவோன் எங்கள் மருமகள். இரண்டு ஆண்டுகளாக இல்லை. அவளும் இன்ஹோவும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. அதனால் எங்களுக்கும் ஏசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. படத்தில் அவள் ஒருத்திதான் உண்மையாகச் சிரிக்கிறாள். நாங்கள் மூவரும் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரிக்கிறோம்.

படத்தை இறக்குவது பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன இலையுதிர்காலப் பண்டிகையில், முன்னோருக்குப் படையல் வைக்கும்போது பின்னால் நிறுத்தும் மடிப்புத் தட்டியை ஓக்ரிம் இந்தச் சுவரோரம் நகர்த்தினாள். அது எங்களைக் கழுத்து வரைதான் மறைத்தது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்களைப் போல நான்கு தலைகள் படையலையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்ஹோ கடைசி வரை குனிந்த தலை நிமிரவில்லை. முன்னோர்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.


டிசம்பர் 9, செவ்வாய். ஒரு டிகிரி. மேகமூட்டம்.

மாவட்ட நூலகத்தில் இரண்டு மணி நேரம் படித்தேன். இவ்வளவு நாள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

புரொஜெக்டர் காட்டும் படத்தை விழவைக்க இரண்டு வழி உண்டு. கடையில் திரை வாங்கித் தொங்கவிடலாம். அல்லது சுவரையே திரையாக்கலாம்: ஒட்டியிருக்கும் தாளை உரித்து, பட்டி பூசி, தேய்த்து, பளபளப்பில்லாத பெயின்ட் அடிக்க வேண்டும். நம் வீடுகளில் சுவர் என்று நாம் நினைப்பது சுவரே அல்ல, தாள். அதில் நெல்மணி அளவுக்குப் புடைப்புகள். அதன்மேல் கதாநாயகியின் முகத்தை விழவைத்தால் அவளுக்கு அம்மை போட்டதுபோல் தெரியும்.

எல்லாவற்றையும் விட ஆச்சரியம் இது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும். படத்தில் நாம் காணும் இருட்டு, வெளிச்சம் படாத சுவர்தான். ஆக, சுவரில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதுதான் படத்தின் இருட்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வெள்ளைக்குப் பதிலாக வெளிறிய சாம்பல் நிறம் அடிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஓக்ரிமிடம் விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"திரையே வாங்கிடலாம்."

"இன்னும் நான் சொல்லி முடிக்கல."

"முடிங்க. முடிச்சிட்டு வாங்கலாம்."

மூன்று மணிக்கு வழக்கம்போல் சின்ன அறையில் பதுக், கறுப்பு வெள்ளைக் கற்களால் இடம் பிடிக்கும் பலகை ஆட்டம். வெள்ளைக் கல் எனக்கு. பதினோரு புள்ளியில் தோற்றேன்.


டிசம்பர் 13, சனி. மைனஸ் மூன்று. காலையில் லேசான பனித்தூறல், 0.4 செ.மீ.

திரைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குவாக், ஐம்பது வயதிருக்கும். வீட்டு வரைபடத்தைப் பார்த்ததும் பால்கனிப் பக்கம் விரலை வைத்தார்.

"இங்க திரைச்சீலை தொங்குற பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ளயே திரையைச் சுருட்டி வெச்சிடலாம். ஓட்டை வேணாம், சத்தம் வேணாம், சுருட்டினா இருக்கறதே தெரியாது. ஊர் முழுக்க அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

"இல்ல. இந்தப் பக்கம்" என்று ஓக்ரிம் எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"அந்தப் பக்கமா? அம்மா, அது வெறும் சுவரு. கூரையில பலகை கொடுத்துத் துளை போடணும். உங்களுக்கு எதுக்கு வீண் வேலை?"

"அந்தப் பக்கந்தான்."

"எத்தனை அங்குலம் போடலாம்?"

ஓக்ரிம் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். அங்குலம் அதில் எழுதியிருக்கவில்லை. அகலம் 150, உயரம் 100 என்று இருந்தது. "இதைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. சுத்தி ஒரு சாண் அதிகமா இருக்கணும்."

குவாக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"திரைக்குப் பின்னாடி எதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"சினிமா பாக்கறதுக்கு" என்றாள் ஓக்ரிம்.


டிசம்பர் 16, செவ்வாய். இரண்டு டிகிரி.

வந்ததை எழுதுவது என் வேலை என்று முதல் நாள் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இணையத்தில் என்னோடு பதுக் ஆடுவது ஹேவோன்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது வருடம் என்னை வென்றாள். பிரிந்த மறுமாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது: "மாமா, ஒரு ஆட்டம்?" மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை. இப்போது கிழக்குக் கரையில் கங்னுங்கில் இருக்கிறாள். ஆட்டத்தின்போது குடும்ப விஷயம் பேசுவதில்லை. ஓக்ரிமுக்குத் தெரியாது; மெஷினோடு ஆடுவதாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று நினைக்கிறேன். அவள் ஹேவோனைப் பற்றிப் பேச்செடுத்ததே இல்லை.

இதோடு சேர்த்து இன்னொரு குறிப்பு. நவம்பர் கடைசியில் ஓக்ரிம் குளிர்காலத்துக்கான முட்டைகோஸ் ஊறுகாயை, கிம்ச்சியை, போட்டபோது கூரியரில் போன பெட்டிகள் மூன்று. ஒன்று அவள் தங்கைக்கு. ஒன்று இன்ஹோவுக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "கோயில்ல ஒரு ஃப்ரெண்டு. பாவம், முட்டி வலி. அவளால குந்தி உக்காந்து போட முடியல" என்றாள். பெட்டியைக் கூரியர்காரரிடம் கொடுக்கும்போது முகவரிச் சீட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தது.


டிசம்பர் 20, சனி. தெளிவு.

புரொஜெக்டர் வந்தது. திரை ஜனவரியில்தான் வரும். பொறுக்க முடியவில்லை. மாலை ஐந்தரைக்குத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, என் டேப்லெட்டை இணைத்தேன். டேப்லெட்டில் எது தெரிகிறதோ அது அப்படியே சுவரில் விழும். திமிங்கலங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டேன்.

படம் எங்கள் படத்தின் மேல் விழுந்தது.

நூலகத்தில் படித்தது உண்மை. கடல் வெளிச்சமாக இருந்தவரை எங்களைக் காணவில்லை. ஆழத்துக்குப் போகப்போக, இருட்டு கூடக்கூட, வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. என் நெற்றியில் ஒரு திமிங்கலம் நுழைந்து இன்ஹோவின் காது வழியாக வெளியேறியது. ஓக்ரிம் விழுந்து விழுந்து சிரித்தாள். இவ்வளவு சிரித்து நாளாயிற்று.

பிறகு திமிங்கலம் ஹேவோனிடம் வந்து நின்றது. ஆவணப்படத்தில் ஒரு குரல் குட்டி ஈனுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. ஓக்ரிம் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"பாருங்களேன். அவ மூஞ்சியில மட்டும் எப்பவும் வெளிச்சம் நல்லா விழுது."

புரொஜெக்டரை அணைத்தேன். இருபதாவது நிமிடம் தாண்டியிருந்தது. அவள் தூங்கவில்லை.


டிசம்பர் 21, ஞாயிறு.

பனி 2 செ.மீ. திமிங்கலம் பற்றி யாரும் பேசவில்லை.


டிசம்பர் 27, சனி. மைனஸ் எட்டு. இந்தப் பருவத்தின் மிகக் குறைந்த அளவு.

மூன்று சின்ன டப்பா பெயின்ட் வாங்கினேன்: வெள்ளை, வெளிறிய சாம்பல், இன்னும் ஒரு படி கூடிய சாம்பல். அட்டைகளில் அடித்து, உலர்த்தி, படத்துக்கு இடப்பக்கம் ஒட்டி அளந்தேன். நடுச் சாம்பலில் திமிங்கலத்தின் முதுகு ஈரமாகவே தெரிகிறது. பெயின்ட் அடித்த சுவர்தான் சிறந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

மாலை இன்ஹோ போன் செய்தான்.

"அப்பா, வீட்ல... கூடத்துல... எல்லாம் எப்படி இருக்கு?"

"ஈரப்பதம் முப்பத்தெட்டு சதவீதம்."

"அது இல்லப்பா. சுவரு."

"சுவரு சமமா இல்ல. நடுவுல மூணு மில்லிமீட்டர் குழிஞ்சிருக்கு."

"சரிப்பா. ராயோங் ரொம்ப நல்ல பொண்ணுப்பா" என்றான்.

"அப்படியா. சூடா உடுத்திக்கச் சொல்லு."

போனை வைத்த பிறகுதான், அவன் கேட்டது என்னவென்று எனக்குத் தெரிந்தே நான் பதில் சொன்னேன் என்பது தெரிந்தது.


ஜனவரி 6, செவ்வாய். மைனஸ் ஐந்து.

சண்டை. முப்பத்தொன்பது வருடத்தில் சாம்பல் நிறத்துக்காகப் போட்ட முதல் சண்டை.

அட்டைகளைக் காட்டி, எண்களைக் காட்டி, திரை வாங்குவது அறிவீனம் என்று நிரூபித்தேன். குவாக்கிடம் சொல்லி ரத்து செய்துவிடலாம் என்றேன். ஓக்ரிம் அட்டைகளைப் பார்க்கவே இல்லை.

"பெயின்ட் அடிக்கணும்னா படத்தை எறக்கணுமில்ல?"

"ஆமா. எறக்கித்தான் ஆகணும்."

"எறக்கி எங்க வைப்பீங்க? கட்டிலுக்கு அடியிலயா? செருப்பு அலமாரிக்குப் பின்னாடியா? இல்ல, கத்திரிக்கோல் எடுத்து வெட்டிடுவீங்களா?"

"நான் எங்க வெட்டுறேன்னு சொன்னேன்? நான் சொல்றது பெயின்ட்..."

"அவள என் கையால சுவத்துலேர்ந்து எறக்க மாட்டேன். புதுசா வர்ற பொண்ண அவ மூஞ்சிக்கு முன்னாடி உக்கார வச்சுச் சோறு போடவும் மாட்டேன். ரெண்டும் முடியாது எனக்கு. அதுக்குத்தான் திரை. இப்பப் புரியுதா உங்களுக்கு, விஞ்ஞானி?"

புரிந்துகொண்டுதான் ஒரு மாதமாக பெயின்ட் பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? எனக்கு என்ன வேண்டும், அதையும் யாராவது கேட்டால்தானே. எனக்கு அந்தப் படம் இறங்க வேண்டுமா, இருக்க வேண்டுமா? அட்டையில் அடித்து அளந்து பார்க்கிற விஷயமா அது — சே, என்ன எழுதுகிறேன்.

மூன்று மணி ஆட்டத்தில் கவனமே இல்லை. நாற்பதாவது கல்லில் ஹேவோன் எழுதினாள்: "மாமா, உடம்பு சரியில்லையா? இந்த மூலையை நீங்க எப்பவும் விட மாட்டீங்களே."

"சுவர் பிரச்சனை" என்று எழுதினேன்.

"ஈரமா?"

"இல்லை."


ஜனவரி 7, புதன்.

திரை ரத்து செய்யப்படவில்லை.


ஜனவரி 17, சனி. ஒரு டிகிரி.

துளை போடும் நாள். காலை பத்து மணிக்கு எல்லா வீட்டுக் கூரையிலும் உள்ள ஒலிபெருக்கியில் நிர்வாக அலுவலகம் அறிவித்தது: "1103ஆம் வீட்டில் இன்று மதியம் இரண்டு முதல் மூன்று வரை கூரையில் துளையிடும் பணி நடைபெறும். குடியிருப்போர் பொறுத்தருளவும்." நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் எங்கள் சங்கடம் நேரம் குறித்து அறிவிக்கப்பட்டது. காரணத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

குவாக் ஏணியில் ஏறியதும் படத்தைப் பார்த்தார். பிறகு ஓக்ரிமைப் பார்த்தார். "ஓ" என்றார். வேறு எதுவும் கேட்காமல், திரை சுவரில் உரசாமல் படத்தின் சட்டத்துக்கு முன்னால் இறங்கும்படி ஐந்து செ.மீ. தள்ளிப் பொருத்தினார். தொழில் தெரிந்தவர்.

ரிமோட்டை அழுத்தினால் திரை இருபத்திரண்டு வினாடியில் இறங்குகிறது. முதலில் எங்கள் முகங்கள் மறைகின்றன, கடைசியில் கால்கள்.

"நல்லாருக்கு" என்றாள் ஓக்ரிம். ஏற்றினாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மோட்டார் சூடாகும் என்றேன்.


பிப்ரவரி 16, திங்கள். நான்கு டிகிரி.

நாளை புத்தாண்டு. ஓக்ரிம் காலையிலிருந்து அடை சுடுகிறாள். மாலை ஒத்திகை நடந்தது. வாசல் மணி அடித்ததும் திரை இறங்கியிருக்க வேண்டும். அவர்கள் போய் மின்தூக்கிக் கதவு மூடும்வரை ஏறக் கூடாது. படையலும் திரைக்கு முன்னால்தான். ரிமோட் ஓக்ரிமின் ஏப்ரன் பையில் இருக்கும். எனக்கு அந்தப் பொறுப்பு தரப்படவில்லை.


பிப்ரவரி 17, செவ்வாய். சந்திரப் புத்தாண்டு. மூன்று டிகிரி. காலையில் தெளிவு, பிற்பகல் எட்டில் ஐந்து பங்கு மேகம்.

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

9.10: வந்தார்கள். ராயோங்குக்கு முப்பத்தாறு வயதிருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் சத்துணவு நிபுணர்; ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் மதிய உணவு அவள் பொறுப்பு. செருப்பைக் கழற்றி நிமிர்ந்ததும் திரையைத்தான் பார்த்தாள். இன்ஹோவும் பார்த்தான். அவன் தோள்கள் இரண்டு செ.மீ. இறங்கின.

9.40: படையல். எங்கள் முன்னோர்கள் வரலாற்றில் முதல் முறையாக நூற்றிருபது அங்குல வெண்மைக்கு முன்னால் உணவருந்தினர்.

11.00: எங்களை வணங்கினார்கள். அரிசிமாவுத் துண்டுகள் போட்ட புத்தாண்டு சூப் குடித்தோம். அதைக் குடித்தால் வயது கூடும் என்பது வழக்கம்; எல்லோருக்கும் ஒரு வயது கூடியது. ஓக்ரிம் பேச்சை எங்கும் நிற்க விடவில்லை. வெள்ளரி, மெட்ரோ ரயில், பிள்ளைகளின் ஒவ்வாமை. ராயோங் நன்றாகப் பதில் சொன்னாள். கிம்ச்சியை மூன்று முறை எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று முறையும் தண்ணீர் குடித்தாள்.

2.30: "அப்பா, நீங்க போன்ல சொன்ன அந்தத் திமிங்கலத்தைப் போடுங்க" என்றான் இன்ஹோ. டேப்லெட்டை இணைத்தேன். எல்லோரும் தரையில் சூடு வரும் பக்கமாக உட்கார்ந்தார்கள்.

2.47: திமிங்கலம் மூச்சு விட மேலே வந்தபோது, அதற்கும் மேலே, திரையின் உச்சியில் என் டேப்லெட்டுக்கு வந்த செய்தி ஒன்று இறங்கியது. ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு. சொற்களை அப்படியே எழுதுகிறேன்:

"ஹேவோன்: மாமா, புத்தாண்டு வணக்கம். இன்னைக்கும் மூணு மணிக்கு ஆட்டம் உண்டா? அத்தைகிட்ட சொல்லுங்க, அனுப்பின கிம்ச்சி நல்லா இருக்கு. உப்பு மட்டும் இந்த வருஷம் கொஞ்சம் தூக்கல்."

செய்தி ஆறு வினாடி நின்றது. திரையில் இதைவிடத் தெளிவாக எதுவும் விழுந்ததில்லை.

நானும் ஓக்ரிமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"எந்தக் கிம்ச்சி?"

"மூணு மணிக்கு என்ன ஆட்டம்?"

இன்ஹோ காதுவரை சிவந்திருந்தான். திமிங்கலம் மறுபடி மூழ்கியது.

பிறகு ஓக்ரிமின் முகம் வேறு மாதிரி மாறியது. அவளுக்கு இப்போதுதான் கடைசி வாக்கியம் போய்ச் சேர்ந்திருந்தது.

"உப்பு தூக்கலா?"

மூன்று மாதமாக நான் அதைச் சாப்பிடுகிறேன். இன்ஹோ ஒரு பெட்டி சாப்பிட்டிருக்கிறான். இரண்டு ஆண்களும் திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூக்கல்தாங்கம்மா" என்றாள் ராயோங். "முட்டைகோஸ ஊறவைக்கும்போதே ஒரு பங்கு கூடிப்போச்சு. அவங்க சொல்றது சரி."

"'அவங்க'ன்னா யாருன்னு..." என்று ஓக்ரிம் தொடங்கினாள். தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"தெரியுங்கம்மா. திரைக்குப் பின்னாடி படம் இருக்குல்ல? இன்ஹோ சொல்லியிருக்காரு. நாலு பேரும் வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ்."

"நீ சொன்னியாடா?" என்றாள் ஓக்ரிம் மகனிடம்.

"படம் இருக்குன்னுதான் சொன்னேன். நீங்க மறைப்பீங்கன்னு சொல்லலம்மா."

ராயோங் கால் மாற்றி உட்கார்ந்தாள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. எங்கப்பாவுக்கு எழுபதானப்ப எடுத்தது. அதே சட்டை, அதே ஜீன்ஸ். அதுல என்னோட முதல் புருஷன் நிக்கிறாரு. எங்கம்மா திரையெல்லாம் வாங்கல. அவரு மேல மட்டும் பேங்க்ல குடுத்த காலண்டர மாட்டி வச்சிருக்காங்க. நாலு வருஷமா வருஷாவருஷம் புதுக் காலண்டர். ஒண்ணாந் தேதி தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அவரோட காது தெரியும்."

ஓக்ரிமிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று முதலில் நினைத்தேன். ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, "காது தெரியுமா!" என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று என்னால் குறிக்க முடியவில்லை. ராயோங் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓக்ரிம் ரிமோட்டை எடுத்தாள்.

இருபத்திரண்டு வினாடி. வெறுங்கால்கள் வந்தன. ஜீன்ஸ் வந்தது. சட்டைகள். பிறகு முகங்கள். திமிங்கலத்தை நிறுத்த மறந்துவிட்டேன். அது எங்கள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ராயோங் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இவங்கதான் நல்லாச் சிரிக்கிறாங்க" என்றாள். பிறகு திரும்பி, "கிம்ச்சி எத்தனை கிலோ போடுவீங்கம்மா?" என்று கேட்டாள்.

2.58: ஹேவோனுக்குப் பதில் எழுதினேன். "இன்று ஆட்டம் இல்லை. வீட்டில் விருந்தினர். உப்பு பற்றிய செய்தி உரியவரிடம் சேர்ந்தது."


பிப்ரவரி 18, புதன். ஐந்து டிகிரி.

விசாரணை, காலை உணவின்போது.

"எனக்கு எப்பவோ தெரியும். மூணு மணிக்குக் கதவ மூடுவீங்க. நாலு மணிக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வருவீங்க. மெஷின்கிட்ட தோத்தவன் மூஞ்சியா அது?"

"அப்புறம் ஏன் நேத்து தெரியாத மாதிரி கேட்ட?"

"விருந்தாளி முன்னாடி தெரிஞ்ச மாதிரியா கேப்பாங்க?"

"சரி. கோயில் ஃப்ரெண்டுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

ஓக்ரிம் சூப்பை ஊதினாள். "ஹேவோனால உண்மையிலயே குந்தி உக்கார முடியல. ஆஸ்பத்திரியில நாள் முழுக்க நின்னுட்டே வேலை. அதுல ஒண்ணும் பொய் இல்ல."

இரண்டு வருடம் ஒருவரை ஒருவர் வருத்தக் கூடாது என்று, ஒரே ஆளை, ஒரே வீட்டிலிருந்து, தனித்தனியாக, மறைத்துப் பேணியிருக்கிறோம். நிலையத்திலும் இப்படி நடந்ததுண்டு. ஒரே மழையை இரண்டு பேர் இரண்டு பதிவேட்டில் எழுதுவார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போதுதான் அகப்படும்.


மார்ச் 3, செவ்வாய். எட்டு டிகிரி. தூறல், 1.5 மி.மீ.

"அந்தச் சாம்பல் கலர் அட்டை எங்க?" என்று ஓக்ரிம் கேட்டாள். மூன்றையும் கொண்டுவந்தேன். நடுவில் இருந்ததை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

"இது அழுக்கு மாதிரி இருக்கே."

"வெளிச்சம் விழுந்தா தெரியாது."

"சரி, அடிங்க."

அவ்வளவுதான். என் எண்களை இந்த முறையும் பார்க்கவில்லை.


மார்ச் 21, சனி. பதினொரு டிகிரி.

படத்தை இறக்கினோம். ஆளுக்கொரு பக்கம். நினைத்ததைவிடக் கனம் குறைவு. படம் இருந்த இடத்தில் தாள் புதிதாகவே இருந்தது, 150க்கு 100. ஓக்ரிம் அதைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு இருவரும் தாளை உரித்தோம்.

படம் சின்ன அறையில், பதுக் மேசைக்கு மேல். கதவு வழியாக நுழையக் குறுக்கே சாய்க்க வேண்டியிருந்தது. திரையைக் குவாக் வந்து கழற்றி, எங்கள் வளாகத்து முதியோர் மன்றத்தில் மாட்டிக்கொடுத்தார். பால்கனிப் பக்கம், திரைச்சீலைப் பள்ளத்துக்குள்.


மார்ச் 29, ஞாயிறு.

இரண்டாவது பூச்சு உலர்ந்தது. திமிங்கலத்தின் முதுகு ஈரமாகத் தெரிகிறது. இருட்டு இருட்டாக இருக்கிறது. ஓக்ரிம் பத்தொன்பதாவது நிமிடம் தூங்கினாள்.


மே 30, சனி. இருபத்து நான்கு டிகிரி. தெளிவு.

இன்ஹோ, ராயோங் திருமணம். மண்டபத்தில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் சீட்டு கொடுத்தார்: புது மருமகளோடு குடும்பப் படம், பெரிய அளவு, சட்டத்தோடு. ஓக்ரிம் அதை ராயோங்கிடம் நீட்டினாள்.

"வேணாம் அத்தை. அந்தச் சுவத்துல ஆணி அடிச்சா மாமா அழுவாரு."

உண்மை. மூன்று மில்லிமீட்டர் குழியை நிரப்ப எனக்கு நான்கு நாள் ஆயிற்று. இனி அந்தச் சுவரில் எதுவும் மாட்டுவதற்கில்லை.


நவம்பர் 28, சனி. இரண்டு டிகிரி. வடமேற்குக் காற்று.

கிம்ச்சி நாள். முட்டைகோஸ் அறுபது கிலோ. உப்பு ராயோங்கின் பொறுப்பு. அளவுக் கோப்பையும் வெப்பமானியும் கொண்டுவந்திருந்தாள். ஓக்ரிம் இரண்டு முறை கைப்பிடி உப்பை அள்ளினாள். "அத்தை" என்றதும் இரண்டு முறையும் திரும்பப் போட்டாள்.

கூரியரில் போன பெட்டிகள் மூன்று: மைத்துனி, இன்ஹோ வீடு, ஹேவோன். முகவரிச் சீட்டுகளை நான் எழுதினேன்.


டிசம்பர் 1, செவ்வாய். மைனஸ் ஒன்று. தெளிவு.

கங்னுங் பெட்டி காலை 10.20க்குச் சேர்ந்தது. உப்பு சரியாக இருக்கிறதாம். மூன்று மணி ஆட்டத்தில் ஒன்பது புள்ளியில் தோற்றேன்.